ட்ரை கேபினெட் வாங்கும் முன் ஒரு மீட்டர் வாங்குங்கள்

போன கார்த்திகை மாதம். மழைக்கால ஓபி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பாதிப் பேருக்கு காய்ச்சல். மீதியில் பாதிப் பேருக்கு படர்தாமரை.

வரிசையில் ஒரு அண்ணன் வந்தார். மாமல்லபுரத்தில் சுற்றுலா வருபவர்களைப் படம் எடுத்து அங்கேயே பிரிண்ட் போட்டுக் கொடுக்கும் தொழில். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயரும் மற்ற விவரங்களும் வேண்டாம்.) இடுப்பில் படர்தாமரை. மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த க்ரீமை மூன்று மாதமாகத் தடவி, நன்றாகப் பரப்பி வைத்திருந்தார்.

மருந்து எழுதி முடித்ததும் எழுந்திருக்காமல் பையில் இருந்து ஒரு லென்ஸை எடுத்தார்.

"சார், நீங்க கேமரா வெச்சிருக்கீங்கன்னு கம்பவுண்டர் சொன்னாரு. இத கொஞ்சம் பாருங்க சார். உள்ள நூல் நூலா ஏதோ ஓடுது."

செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். முன் கண்ணாடிக்குப் பின்னால் சிலந்தி வலை போல வெள்ளையாகப் படர்ந்திருந்தது. ஒரே நோயாளி, இரண்டு இடத்தில் பூஞ்சை.

"கடையில ட்ரை கேபினெட் வாங்கியே ஆகணும்னு சொல்றாங்க. பெருசா ஒண்ணு, இஎம்ஐல தர்றாங்களாம். கேமராவுக்கே இன்னும் டியூ முடியல. வாங்கிடட்டுமா சார்?"

"வேண்டாம்ணா" என்றேன்.

அன்றைக்கு ஓபியில் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச முடியவில்லை. விளக்கமாக எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். அதுதான் இந்தப் பதிவு. செங்கல்பட்டில் இருந்து கடற்கரை வரை கேமரா வைத்திருக்கும் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் பொதுவில் போடுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் ட்ரை கேபினெட் இருக்கிறது. அப்படியிருந்தும் என் லென்ஸிலும் பூஞ்சை வந்தது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

சரி, லென்ஸுக்குள் பூஞ்சை எப்படிப் போகிறது?

அது புதிதாகப் போவதில்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் பூஞ்சையின் வித்துகள் எப்போதும் இருக்கின்றன. ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் என்று நாங்கள் படித்த அதே குடும்பங்கள்தான். ஜூம் லென்ஸை முன்னும் பின்னும் இழுக்கும்போதெல்லாம் அது காற்றை உறிஞ்சி விடுகிறது. தூசியோடு வித்தும் உள்ளே போகிறது. புதிதாகப் பெட்டி பிரித்த லென்ஸிலும் வித்து இருக்கும்.

வித்து முளைக்க மூன்று விஷயம் வேண்டும். சாப்பாடு, ஈரம், தொந்தரவில்லாத நேரம். சாப்பாட்டுக்குத் தூசியும் விரல் ரேகையின் எண்ணெய்ப் பசையும் போதும். நேரத்தை நாமே கொடுக்கிறோம், பையில் போட்டு பரணில் வைத்து. கட்டுப்படுத்த முடிந்தது ஈரம் ஒன்றுதான்.

காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் ஆபத்து ஆரம்பிக்கிறது. 70, 80 என்றால் பூஞ்சைக்குக் கல்யாண விருந்து. வளரும்போது அது வெளியிடும் அமிலம் கண்ணாடியின் மேல் பூச்சை அரிக்கும். ஆரம்பத்திலேயே பிரித்துத் துடைத்தால் தப்பிக்கலாம். அரித்த பிறகு துடைத்தால் பூஞ்சை போகும், தழும்பு போகாது.

இது கேமராக்காரர்கள் கண்டுபிடித்த பிரச்சினை இல்லை. இரண்டாம் உலகப் போரில் நியூ கினியா காடுகளில் இருந்த படைகளின் பைனாகுலர்களும் மற்ற கண்ணாடிக் கருவிகளும் பூஞ்சை பிடித்துப் பார்க்க முடியாமல் போயின. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையினர் இதற்காகவே உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். கடைசியில் கருவிகளுக்குள் மெர்தியோலேட் என்ற பாதரசச் சேர்மத்தைச் சேர்த்து பூஞ்சையைத் தடுத்தார்கள். 1946-இல் அதை நேச்சர் இதழில் எழுதினார்கள்.

மெர்தியோலேட் என்றால் தெரியாது. தயோமெர்சல் என்றால் எங்களுக்குத் தெரியும். பல டோஸ் தடுப்பூசிக் குப்பிகளில் கிருமி வளராமல் இருக்க மிக மிகச் சிறிய அளவில் சேர்க்கும் அதே பொருள்தான். (தடுப்பூசியில் அது பாதுகாப்பானது. அந்தச் சண்டையை வேறு பதிவில் வைத்துக்கொள்வோம். லென்ஸில் தடவ யாரும் கிளம்பிவிடாதீர்கள்.)

எங்கள் ஆஸ்பத்திரிகளுக்கும் இது பழைய கதைதான். காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்யும் மைக்ராஸ்கோப்பின் லென்ஸில் பூஞ்சை பிடித்தால் கிருமி கண்ணில் படாது. அங்கே போவது போட்டோ இல்லை, நோயாளியின் ரிசல்ட். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் அடிப்படை ஆய்வகக் கையேட்டில் ஈரமான ஊர்களுக்கு என்று ஒரு யோசனை இருக்கிறது. மைக்ராஸ்கோப்பை ராத்திரி ஒரு அலமாரியில் வைத்து, உள்ளே 40 வாட் பல்பு ஒன்றை எரியவிட வேண்டும். அறையைவிட அலமாரிக்குள் குறைந்தது 5 டிகிரி சூடு கூட இருக்க வேண்டும்.

ஐந்து டிகிரியில் என்ன ஆகிவிடும்?

நிறைய ஆகும். சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை அப்படியே 35 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் சுமார் 60-க்கு இறங்கிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வெளியே எடுக்கவில்லை. ஏழை ஆய்வகத்தின் ட்ரை கேபினெட் அந்தக் குண்டு பல்புதான்.

உடனே வீட்டு பீரோவில் பல்பு மாட்டாதீர்கள். குண்டு பல்பு துணியில் பட்டால் தீப்பிடிக்கும். எல்இடி பல்பு போட்டால் தீ பயம் குறைவு, ஆனால் சூடே வராது, வேலைக்கும் ஆகாது. விலை உயர்ந்த பெட்டி வருவதற்கு முன்பே இந்த வேலை நடந்திருக்கிறது என்பதைக் காட்டத்தான் சொன்னேன்.

இப்போது கேபினெட்டுக்கு வருவோம்.

என்னைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியது கேபினெட் இல்லை. சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஈரப்பத மீட்டர். காய்ச்சல் என்று வருபவருக்குத் தெர்மாமீட்டர் வைக்காமல் ஊசி போட்டால் என்னைத் திட்டுவீர்களா இல்லையா? வீட்டின் ஈரப்பதம் தெரியாமல் கேபினெட் வாங்குவதும் அதே மாதிரிதான்.

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த அறையும், செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கம் தரைத்தள வீடும், மறைமலை நகரில் ஐந்தாவது மாடியும் ஒன்றில்லை. ஒரே வீட்டில்கூட சமையலறையை ஒட்டிய பீரோ வேறு, ஹால் ஷெல்ஃப் வேறு. கேமரா இருக்கும் இடத்திலேயே மீட்டரை ஒரு வாரம் வையுங்கள். காலை, இரவு குறித்து வையுங்கள். போன ஐப்பசி, கார்த்திகையில் என் அலமாரியில் 80-க்குக் கீழே இறங்கவே இல்லை. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்போது காய்ந்திருக்கும் என்று நினைப்போம். கடற்காற்று வீசும் ஊரில் அப்போதும் ராத்திரி ஏறிவிடுகிறது.

மலிவு மீட்டரை நம்பலாமா? அப்படியே நம்பக்கூடாது. சோதித்துவிட்டு நம்பலாம்.

அதற்கு நம் கடற்கரையே மருந்து வைத்திருக்கிறது. உப்பு. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறு போல ஆகும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்துவிடக்கூடாது. அதையும் மீட்டரையும் ஒரு ஜிப்லாக் கவரில் போட்டு மூடி, ஒரு ராத்திரி விடுங்கள். உப்பு மீட்டர் மேல் படக்கூடாது. ஈர உப்புக்கு மேலே உள்ள காற்று 75 சதவீதத்தில் போய் நிற்கும், இது இயற்பியல் விதி. காலையில் மீட்டர் 75 காட்டினால் சரி. 70 காட்டினால் உங்கள் மீட்டர் ஐந்து குறைத்துச் சொல்கிறது. ஸ்கெட்ச் பேனாவில் பின்னால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தது.

இரண்டாவது, டப்பா.

ஒரு கேமரா, இரண்டு மூன்று லென்ஸ் வைத்திருப்பவருக்கு மூடியில் ரப்பர் வைத்த காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் அரை கிலோ சிலிக்கா ஜெல்லும் போதும். இதைத்தான் அந்த அண்ணனுக்குச் சொன்னேன். மீட்டரையும் டப்பாவுக்குள்ளேயே போட்டுவிடுங்கள், வெளியில் இருந்து படிக்கிற மாதிரி. 40-இல் இருந்து 50-க்குள் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். 55-ஐத் தாண்டினால் ஜெல்லை வறுக்கும் நேரம் வந்துவிட்டது.

நீல ஜெல் ஈரம் குடித்தால் ரோஸ் ஆகும். அந்த நீலம் கோபால்ட் குளோரைடு. உடம்புக்கு நல்லதில்லை. குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். ஆரஞ்சில் இருந்து பச்சையாக மாறும் வகை கிடைக்கிறது, அதை வாங்குங்கள். அதையும் குழந்தை கைக்கு எட்டாமல்தான் வைக்க வேண்டும். வெயிலில் காய வைத்தால் அரைகுறையாகத்தான் காயும், அதுவும் நம் ஊர் காற்றில். 110, 120 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். இதற்கென்று ஒரு பழைய தட்டு வைத்துக்கொள்ளுங்கள். தோசைக்கல்லில் வறுத்துவிட்டு அதிலேயே தோசை ஊற்றினால் அடுத்த வாரம் என் ஓபியில்தான் சந்திப்போம்.

அரிசியில் புதைத்து வைப்பது வேண்டாம். ஈரத்தை ஒழுங்காக இழுக்காது, மாவுத் தூசிதான் உள்ளே போகும். பாச்சை உருண்டையும் வேண்டாம், அதன் ஆவி லென்ஸில் உள்ள பிளாஸ்டிக்குக்கும் பசைக்கும் ஆகாது. துணி பீரோவில் தொங்கவிடும், அடியில் தண்ணீர் சேரும் பை இருக்கிறதே, அது கால்சியம் குளோரைடு. ஒழுகினால் உப்புத் தண்ணீர். கேமரா பக்கத்தில் அதை வைப்பதற்கு, மழையிலேயே விட்டுவிடலாம்.

அப்படியானால் கேபினெட் யாருக்கு?

நான்கைந்து லென்ஸுக்கு மேல் இருப்பவருக்கு. வாரத்துக்கு ஒருமுறை டப்பாவைத் திறந்து பார்த்து ஜெல் வறுக்க நேரம் இல்லாதவருக்கு. ஸ்டுடியோ வைத்திருப்பவருக்கு. ராத்திரி டியூட்டியில் உலகத்தையே மறந்துவிடும் என் போன்ற ஆளுக்கு. இவர்களுக்கு அது ஆடம்பரம் இல்லை, வாங்கலாம்.

வாங்கும்போது லிட்டர் கணக்கில் மயங்காதீர்கள். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளங்கள். வேடந்தாங்கலுக்குப் பறவை எடுக்கப் போகிறவர்களின் நீள லென்ஸ், சின்ன கேபினெட்டில் நிற்கவே நிற்காது. படுக்க வைத்தால் மொத்தத் தட்டும் போச்சு. இன்றைக்கு இருப்பதற்கு மேல் இரண்டு லென்ஸுக்கு இடம் பார்த்து வாங்குங்கள். வாங்கத்தான் போகிறீர்கள், எனக்குத் தெரியும்.

அடுத்தது கதவு ரப்பர். ஒரு பேப்பரை நடுவில் வைத்து கதவை மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் ஈரமும் அதே வழியில் உள்ளே போகும்.

உள்ளே ஈரத்தை எடுக்கும் முறை இரண்டு வகை. ஒன்று பெல்டியர். ஒரு சின்னத் தகட்டின் ஒரு பக்கம் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் தண்ணீராகப் படிந்து, பின்பக்கம் வழியாக வெளியேறும். இன்னொன்று, ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்து, அவ்வப்போது அதைத் தானே சூடாக்கி ஈரத்தை வெளியே தள்ளுவது. குளிர்ந்த அறையில் பெல்டியர் திணறும். ஊட்டியில் இருப்பவரும், எந்நேரமும் ஏசி ஓடும் அறையில் வைப்பவரும் இரண்டாவதைப் பார்க்கலாம். நம் ஊர் சூட்டுக்கு இரண்டுமே வேலை செய்யும். இதற்காக ராத்திரி முழுக்க யூடியூப் பார்க்க வேண்டியதில்லை.

கரண்ட் பில்? சின்ன கேபினெட் சராசரியாக 5 வாட் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு சுமார் 7 யூனிட். அவ்வளவுதான்.

கதவில் எரியும் டிஜிட்டல் எண்ணை வேதவாக்காக எடுக்காதீர்கள். உப்பு வைத்துச் சோதித்த உங்கள் மீட்டரை உள்ளே வையுங்கள். 45-இல் வைத்தால் போதும். சிலர் 25, 30 என்று வைத்துவிட்டு 'சூப்பரா காய்ஞ்சிருக்கு' என்கிறார்கள். பழைய கேமராவின் தோல் உறை, ரப்பர் பிடி எல்லாம் அதிகம் காய்ந்தால் சுருங்கும், வெடிக்கும். பிரஷர் மாத்திரையை இரண்டாகப் போட்டால் இரண்டு மடங்கு நல்லது என்று நினைப்பதைப் போல இது.

முதல் நாள் எண் இறங்கவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சும் நீங்கள் வைத்த பொருளும் ஈரத்தை விட ஓரிரு நாள் ஆகும். கேமரா பையையும் தோல் உறையையும் உள்ளே திணிக்காதீர்கள், அவைதான் ஈரத்தின் கிடங்கு.

இப்போது என் கதை.

கேபினெட் வாங்கினேன். 45-இல் வைத்தேன். பெருமையாக நண்பர்களுக்கெல்லாம் காட்டினேன். பிறகு தொடர்ந்து டியூட்டி, கேமராவைத் தொடவே இல்லை. ஒருநாள் செல்போன் சார்ஜ் போட அந்த ப்ளக்கைப் பிடுங்கியது நான்தான். திரும்பச் சொருகவில்லை. அதுவும் ஐப்பசியில். சில மணி நேரம் கரண்ட் போனால் ஒன்றும் ஆகாது, மூடிய கதவு தாங்கும். நான் விட்டது ஏறக்குறைய இரண்டு மாதம். கதவைத் திறந்தபோது என் மீட்டரில் 78. முதல் சம்பளத்தில் வாங்கிய 50 எம்எம் லென்ஸில் நட்சத்திரம் போல ஒரு பூஞ்சை. கேபினெட்டின் விலை அந்த லென்ஸின் விலையைவிட அதிகம்.

எனக்கு அப்போது உறைத்தது, வெறும் டப்பா வைத்திருந்தால்கூட ஜெல் நிறம் மாறியிருக்கிறதா என்று வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்திருப்பேன் என்பதுதான். மிஷின் இருக்கிறது என்ற தைரியத்தில் பார்ப்பதையே விட்டுவிட்டேன். சர்க்கரை மாத்திரை வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் அடுக்கி வைத்துவிட்டு செக்கப்புக்கு வராமல் இருப்பவர்களை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன் தெரியுமா!

பூஞ்சை பிடித்த லென்ஸை மற்ற லென்ஸோடு வைத்தால் தொற்றிக்கொள்ளுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சொறி சிரங்கு மாதிரி தாவாது. வித்து ஏற்கெனவே எல்லா இடத்திலும் இருக்கிறது என்று சொன்னேனே. ஈரப்பதம் 50-க்குள் இருந்தால் அது வளராது. ஆனால் சாகவும் சாகாது, தூங்கும். உலர்த்துவது சிகிச்சை இல்லை, தடுப்பு மட்டும்தான். சிகிச்சை என்பது பிரித்துத் துடைப்பது, அதைத் தெரிந்த மெக்கானிக் செய்ய வேண்டும். மனசு கேட்கவில்லை என்றால் அந்த லென்ஸைத் தனி டப்பாவில் வையுங்கள், தப்பில்லை.

கடற்கரைக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். கேபினெட் ஈரத்தை எடுக்கும். உப்பை எடுக்காது.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் 1,300 ஆண்டுகளாக நிற்கும் கல். அதிலேயே உப்பு ஏறுகிறது என்று தொல்லியல் துறையினர் காகிதக் கூழைச் சுவரில் அப்பி, காயவிட்டு, உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். கருங்கல்லுக்கே அந்த நிலைமை என்றால் உங்கள் லென்ஸ் மௌண்ட்டில் உள்ள திருகுகளை நினைத்துப் பாருங்கள். மேலே சொன்ன 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் தானே காற்றில் இருந்து தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். துருவுக்கு அது போதும்.

அதனால் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் எங்கே எடுத்தாலும், வீட்டுக்கு வந்து நேராகக் கேபினெட்டில் வைக்காதீர்கள். முதலில் ப்ளோயரால் மணலை ஊதுங்கள். ஊதாமல் துடைத்தால் மணல் கண்ணாடியைக் கீறும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த மென்துணியால் வெளி உடம்பைத் துடையுங்கள். முன் கண்ணாடியை லென்ஸ் துடைக்கும் திரவத்தால் துடையுங்கள். ஃபேன் காற்றில் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு உள்ளே வையுங்கள். சட்டையின் உள்பக்கம், வாயால் ஊதுவது இரண்டும் வேண்டாம். வாயில் வருவது ஈரமும் எச்சிலும்.

ஈசிஆரில் ஏசி காரில் வருபவர்கள் கவனிக்க. காருக்குள் 22 டிகிரி. வெளியே 30 டிகிரி, 80 சதவீத ஈரம். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதன் மேல் பட்டாலும் தண்ணீராகப் படியும். கதவைத் திறந்ததும் லென்ஸ் வியர்ப்பது அதனால்தான். கேமராவை ஜிப் போட்ட பையிலேயே அரை மணி நேரம் விட்டுப் பிறகு எடுங்கள். ஸ்கூட்டரில் வருபவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

இதையெல்லாம்விட மலிவான வைத்தியம் ஒன்று உண்டு. கேமராவை எடுத்துப் படம் பிடியுங்கள். வாரம் ஒருமுறை வெளியே வந்து வெளிச்சமும் காற்றும் படும் லென்ஸில் பூஞ்சை நிம்மதியாக வளர்வது கஷ்டம். வேடந்தாங்கலில் பறவைகள் வந்து இறங்குவதும் நம் ஈரம் உச்சத்தில் இருப்பதும் ஒரே மாதங்களில்தான். ஆகவே எடுக்காமல் விடுவதற்குச் சாக்கே இல்லை.

அந்த அண்ணன் டப்பாவும் ஆரஞ்சு ஜெல்லும் வாங்கிவிட்டார். மீட்டர் 47 என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். லென்ஸை மெக்கானிக்கிடம் கொடுத்திருக்கிறார், ஓரத்தில் லேசாகத் தழும்பு நிற்குமாம். இடுப்பில் இருந்த படர்தாமரை இறங்கிவிட்டது. நன்றாகிவிட்டதே என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார், அதற்குத் தனியாக போன் போட்டுத் திட்டினேன்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், நைட் டியூட்டி முடிந்து பதில் எழுதுகிறேன். 'என்ன கேபினெட் வாங்கலாம் டாக்டர்' என்று கேட்பவர்கள் உங்கள் அலமாரியின் ஒரு வார மீட்டர் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள். ரிப்போர்ட் இல்லாமல் மருந்து எழுத மாட்டேன்.